யூகேஜி பையனுக்கு ஃபோனிக்ஸ் தனி வகுப்பு தேவையா?

ஈரோட்டிலிருந்து ஒரு அப்பா கேட்டிருக்கிறார். மகன் யூகேஜி. பள்ளியில் ஃபோனிக்ஸ் முறையில், அதாவது எழுத்துகளின் ஒலிகளைச் சேர்த்துச் சொற்களைப் படிக்கும் முறையில், ஆங்கிலம் சொல்லித் தருகிறார்கள். 26 எழுத்துக்கும் ஒலி கேட்டால் டக்டக்கென்று சொல்கிறான். ஆனால் பூனைக்கான ‘கேட்’ என்ற சொல்லைக் காட்டினால் ‘க... ஏ... ட... கஏட’ என்கிறான், சேர்த்துச் சொல்ல வரவில்லை. வீட்டில் பேச்சு முழுக்கத் தமிழ். அப்பா, அம்மா இருவருக்கும் ஆங்கிலம் பேசத் தயக்கம். பக்கத்துத் தெருவில் மூன்று மாத ஃபோனிக்ஸ் வகுப்புக்கு 12,000 ரூபாய் கேட்கிறார்கள், சேர்க்கலாமா என்பது கேள்வி. எப்போது கவலைப்பட வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார். வகுப்பு பற்றிய கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. பையன் ஏன் ஒலிகளைச் சேர்க்கத் திணறுகிறான், ஆங்கிலம் சரளமாக வராத பெற்றோர் வீட்டில் உதவ முடியுமா, ஃபோனிக்ஸ் என்பது நிஜமாகவே பலன் தருவதா இல்லை வியாபாரமா. நான் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்குப் பல வருடம் ஆங்கிலம் எடுத்தேன். இப்போது தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறேன். பணத்துக்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இப்போதைக்குச் சேர்க்க வேண்டாம்.

பையனிடம் கோளாறு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. அவன் சொல்லும் ஒலிகளைப் பாருங்கள்: க, ஏ, ட. இந்த மூன்றையும் எத்தனை வேகமாகச் சொன்னாலும் ‘கஏட’ என்றுதான் வரும், ‘கேட்’ வராது. தமிழ் இலக்கணம் படித்த எவருக்கும் காரணம் உடனே புரியும். அவனுக்கு மெய் சொல்லித் தர வேண்டிய இடத்தில் உயிர்மெய் சொல்லித் தந்திருக்கிறார்கள். ‘க’வுக்குள் ஏற்கெனவே ஒரு அகரம் உட்கார்ந்திருக்கிறது. அது இருக்கும்வரை அடுத்த உயிர் வந்து ஒட்ட இடமில்லை. க் என்று புள்ளியோடு சொன்னால்தான் ஏ வந்து சேரும். இந்த ஒட்டு அகரத்தை எடுக்கச் சொல்லித்தான் ஃபோனிக்ஸ் பயிற்சி தரும் எல்லோரும் எல்லா ஊரிலும் தொண்டை வறளக் கத்துகிறார்கள். நமக்குப் புள்ளி என்று ஒன்று கையிலேயே இருக்கிறது. தமிழ் எழுத்து தெரிந்த பிள்ளையிடம் “அதுக்குப் புள்ளி வச்சுச் சொல்லு” என்றால் போதும், பாதிப் பேர் அந்த இடத்திலேயே திருத்திக்கொள்வார்கள். ஒரு சின்ன எச்சரிக்கை: நம் வகுப்புகளில் மெய்யெழுத்தை ‘இக், இங், இச்’ என்று இகரம் சேர்த்துச் சொல்லிப் பழக்கியிருப்பார்கள். அப்படிச் சொன்னால் முன்னால் ஒரு ஒட்டு வந்துவிடும். முன்னும் வேண்டாம், பின்னும் வேண்டாம். குரலைத் தாழ்த்தி, கிட்டத்தட்ட ரகசியம் பேசுவதுபோல் சொல்ல வையுங்கள். குரல் ஏறினால்தான் அகரம் ஒட்டிக்கொள்கிறது.

க், ட், ப் போன்றவை தொடக்கத்துக்குக் கடினமான ஒலிகள். வாயைத் திறந்ததும் முடிந்துவிடும், இழுக்க முடியாது. ஸ், ம், ன், ல், ஃப் ஆகியவற்றை மூச்சு இருக்கும்வரை இழுக்கலாம். ஆகவே பூனையை விட்டுவிட்டு, சூரியனுக்கான ‘சன்’, மனிதனுக்கான ‘மேன்’, தலைக்கு மேலே சுற்றும் ‘ஃபேன்’ ஆகியவற்றில் தொடங்குங்கள். ‘ஃஃஃஃ...ஏஏஏ...ன்ன்ன்’ என்று நடுவில் மூச்சை விடாமல் ஒரே இழுப்பாகச் சொன்னால் ஒலிகள் தானாக ஒட்டும். இடையில் நிறுத்தினால் அறுந்துவிடும். பல பள்ளிகள் பயன்படுத்தும் ஜாலி ஃபோனிக்ஸ் என்ற பாடமுறையில் முதல் ஆறு ஒலிகள் எஸ், ஏ, டீ, ஐ, பீ, என் என்ற வரிசையில் வருகின்றன. (நெடிலில் டீ, பீ என்று எழுதுபவை டிக்கெட், பென் சொற்களின் முதல் எழுத்துகள். குறிலில் டி, பி என்று எழுதுபவை டேட், பஸ் சொற்களின் முதல் எழுத்துகள்.) ஏபிசிடி வரிசை ஏன் இல்லை என்று பெற்றோர் கேட்பார்கள். அந்த ஆறு தெரிந்தால் உடனே பத்துப் பதினைந்து சொற்களைப் படித்துவிடலாம். ஏ, பி, சி, டி நான்கும் தெரிந்தால் டாக்ஸி என்பதற்கான ‘கேப்’, அப்பா என்பதற்கான ‘டேட்’ என்று விரல் விட்டு எண்ணும் அளவுதான் கிடைக்கும். இந்த வரிசைதான் உத்தமம் என்று அடித்துச் சொல்ல ஆதாரம் இல்லை. சீக்கிரம் சொற்களைப் படிக்க வைக்கும் எந்த வரிசையும் சரிதான்.

அடுத்தது, சேர்ப்பது என்ற வேலை உங்கள் பையனுக்குப் புதிதே இல்லை. க் + ஆ = கா என்று தமிழில் அவன் சொல்லத் தொடங்கியிருப்பான், இல்லையென்றால் சீக்கிரம் சொல்லுவான். 12 உயிரும் 18 மெய்யும் சேர்ந்து 216 ஆவது என்பதே ஒலி சேர்க்கும் பயிற்சிதான். அதனால் ஆங்கிலப் புத்தகத்தை மூடிவிட்டு, சாப்பிடும்போது தமிழில் ஒரு விளையாட்டு விளையாடுங்கள். “நான் ஒண்ணு உடைச்சுச் சொல்றேன், என்னன்னு கண்டுபிடி. ப்... ஆ... ல்.” அவன் “பால்” என்பான். பிறகு மீன், கண், நாய். நாலு நாளில் அவனே உடைத்து உங்களிடம் கேட்பான். அதன் பிறகு ஆங்கிலச் சொல்லுக்குப் போகலாம். என் வகுப்பில் உதவிய ஒரு குறுக்குவழியும் உண்டு. மூன்று ஒலியையும் தனித்தனியாகச் சேர்க்கத் திணறும் பிள்ளையை முதல் இரண்டை உயிர்மெய்யாக்கிச் சொல்ல வைத்து, கடைசி மெய்யை ஒட்ட வைப்பது: கே... ட், மே... ன், ச... ன். தமிழ் எழுத்தில் பழகிய பிள்ளைக்கு உயிர்மெய் ஒரே துண்டு, அதனால் இது இயல்பாக வருகிறது. இங்கிலாந்திலிருந்து வரும் புத்தகங்கள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை. இது ஆய்வில் நிரூபணமானது என்று நான் சொல்ல மாட்டேன், வகுப்பில் கண்டது. சில நாள் முயன்று பார்த்து, வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

இனி, தமிழ் வீட்டுப் பிள்ளைகள் குறிப்பாக இடறும் இடங்கள். ஆங்கிலப் புத்தகத்தில் ஒவ்வொரு சொல்லுக்கு மேலேயும் பென்சிலால் தமிழில் எழுதிக் கொடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. தயவுசெய்து அதை நிறுத்துங்கள். பூனையும் வாசல் கதவும் தமிழில் எழுதினால் ஒரே ‘கேட்’. பன்றியும் ‘பிக்’, பெரியதும் ‘பிக்’. மேலங்கியும் வெள்ளாடும் ‘கோட்’. இந்தப் பதிலைத் தமிழ் எழுத்திலேயே எழுதும்போது நானே ஒவ்வொன்றுக்கும் பொருள் சொல்லிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது. பிள்ளை பென்சில் எழுத்தைப் பார்த்துப் படிக்கத் தொடங்கினால், ஆங்கில எழுத்து எதற்காக இரண்டு விதமாக இருக்கிறது என்பதே அவனுக்குப் புரியாமல் போகும்.

ஆனால் இந்த வேறுபாடு அவன் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. ‘பல்’ என்று சொல்லிப் பாருங்கள், அப்புறம் ‘பல்பு’ என்று சொல்லிப் பாருங்கள். எழுத்து ஒன்று, ஒலி வேறு. பல்லில் வருவது பீ எழுத்தின் ஒலி, பல்பில் வருவது பி எழுத்தின் ஒலி. ‘கல்’, ‘குண்டு’ இரண்டிலும் அதே கதை. ‘டிக்கெட்’, ‘டப்பா’ இன்னொரு ஜோடி. தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு, உதட்டை மூடியபடி ‘பல்பு’ என்று தொடங்கச் சொல்லுங்கள். வாய் திறப்பதற்கு முன்பே ஒரு அதிர்வு தெரியும், பல்லுக்கு அது வராது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இது வேடிக்கையாகவும் இருக்கும். ஒரு எழுத்துக்கு எப்படி இரண்டு மூன்று ஒலி என்று ஆங்கிலத்தைக் குறை சொல்பவர்களுக்கும் இதையே சொல்லலாம். கல், பகல், தங்கம் மூன்றிலும் ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. யாரும் சொல்லித் தராமலேயே நாம் எல்லோரும் சரியாகப் படிக்கிறோம்.

உயிரொலிகளில்தான் உண்மையான உழைப்பு தேவை. ஆங்கிலத்தில் எழுத்து 26, ஒலிகள் சுமார் 44. அதில் உயிரெழுத்துகள் ஐந்தே என்றாலும் உயிரொலிகள் ஏறக்குறைய 20. இப்போதைக்கு அந்த ஐந்து எழுத்தின் குறில் ஒலிகள் மட்டும் போதும். ‘பின்’ என்பதன் இகரமும் ‘பென்’ என்பதன் எகரமும் நம்முடையவையே. ‘கப்’ என்பதில் யூ எழுத்து கிட்டத்தட்ட நம் அகரம். மீதி இரண்டில் ‘பாக்ஸ்’ என்பதன் ஓ எழுத்தை நாம் ஆகாரமாகவே சொல்கிறோம், படிப்பதற்கு அது தடையில்லை. உண்மையிலேயே புதியது ஏ எழுத்தின் ஒலிதான், கிரிக்கெட் மட்டைக்கான ‘பேட்’ என்பதில் வருவது. தமிழில் அதற்கு எழுத்து கிடையாது, ஏகாரத்தை வைத்துச் சமாளிக்கிறோம். தாடையை நன்றாக இறக்கி, ஏ சொல்லப் போய் ஆ பக்கம் சாய்ந்தால் வரும். மட்டையையும் படுக்கைக்கான ‘பெட்’ என்பதையும் மாற்றி மாற்றிச் சொல்லி, எது என்று அவனைக் காட்டச் சொல்லுங்கள். காதுக்கு வித்தியாசம் தெரியாதவரை எழுத்தில் வராது. இந்த ஒரு ஒலிக்கு ஒரு மாதம் போனாலும் நஷ்டமில்லை.

சுவரில் மாட்டும் சார்ட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ‘ஐ ஃபார் ஐஸ்கிரீம்’ என்று போட்டிருந்தால் அது எழுத்தின் பெயரைச் சொல்கிறது, பிள்ளை முதலில் படிக்கப் போகும் ஒலியைச் சொல்லவில்லை. ‘இங்க்’ என்றால் சரி. எக்ஸ் எழுத்துக்குச் சைலோஃபோன் படம் போட்டால் ஸகரம் போன்ற ஒலிதான் கேட்கும். பிள்ளைக்கு வேண்டியது பாக்ஸின் கடைசியில் வரும் க்ஸ். அப்புறம் நம் நாக்கின் இரண்டு பழக்கங்கள். முட்டையை ‘யெக்’ என்போம், யானையை ‘யெலிஃபன்ட்’ என்போம். முட்டையை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் ஒய் எழுத்தில் தொடங்கும் பிள்ளையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவன் கேட்டதைத்தான் எழுதியிருக்கிறான், அதற்கு அடி விழக் கூடாது. இன்னொன்று, சொல்லின் கடைசியில் உகரம் சேர்ப்பது: பஸ்ஸு, கப்பு, பேகு. பஸ்ஸைக் கடைசியில் இன்னொரு யூ போட்டு நாலு எழுத்தாக எழுதுவதற்கு இதுதான் காரணம். வீட்டுப் பேச்சில் அப்படியே சொல்லிக்கொள்ளட்டும். படிக்கும் நேரத்தில் மட்டும் வாலை நறுக்கிக் காட்டினால் போதும்.

உங்கள் ஆங்கிலம் பற்றிய தயக்கத்துக்கு வருகிறேன். பஸ், கப், மக், ஜக், டப், பேக், பென், பின், ஃபேன், நெட், பாக்ஸ், கேஸ். இவை ஈரோட்டில் எந்த வீட்டிலும் தினமும் புழங்கும் சொற்கள், பெரும்பாலும் மூன்றே எழுத்து. பையனுக்குப் பொருள் தெரியும், காதுக்குப் பழக்கம், பொருளும் கண்முன் இருக்கிறது. முதல் இரண்டு மாதத்துக்கு இதைவிட நல்ல வாசிப்புச் சொற்கள் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. ஒரு சீட்டில் எழுதி அந்தந்தப் பொருளின் மேல் ஒட்டுங்கள். பெரிய எழுத்தில் வேண்டாம், சின்ன எழுத்தில் எழுதுங்கள், அவன் படிக்கப் போவது பெரும்பாலும் அதைத்தான். யூடியூபில் வரும் ஃபோனிக்ஸ் பாட்டுகளில் பாதி அமெரிக்க உச்சரிப்பு, பாதி பிரிட்டிஷ். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டால் ஓ எழுத்தும் ஆர் எழுத்தும் குழம்பும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மெய்யோடு அகரம் சேர்த்துச் சொல்கிறதா என்று மட்டும் முதலில் நீங்கள் கேட்டுப் பாருங்கள். சேர்த்தால் அதை விட்டு வேறொன்று தேடுங்கள். உங்கள் உச்சரிப்பு வெள்ளைக்காரர்போல் இருக்க வேண்டும் என்ற அவசியம் எதுவும் இல்லை. ஒரு எழுத்துக்கு எப்போதும் ஒரே ஒலியைச் சொன்னால் பிள்ளைக்கு அது போதும்.

இப்போது பலன் பற்றி. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை வரிசையாக, வெளிப்படையாகச் சொல்லித் தந்தால் பிள்ளைகள் சொற்களை நன்றாகப் படிக்கிறார்கள் என்பதில் பெரிய சந்தேகம் இல்லை. அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000இல் அதைத்தான் சொன்னது. ஜிம் ரோஸ் தலைமையில் 2006இல் வந்த அறிக்கைக்குப் பிறகு இங்கிலாந்துப் பள்ளிகளும் அந்த வழிக்கு வந்தன. ஆனால் இவை பெரும்பாலும் ஆங்கிலம் பேசிக்கொண்டே பள்ளிக்கு வரும் பிள்ளைகளை வைத்துச் சொன்னவை. இங்கிலாந்தில் 2012 முதல் ஆறு வயது வாக்கில் ஒரு சோதனை வைக்கிறார்கள். பிள்ளை 40 சொற்களைப் படிக்க வேண்டும். அதில் 20 சொற்கள் பொருளே இல்லாத, இட்டுக்கட்டிய சொற்கள். பழக்கத்தில் ஊகிக்கிறானா, உண்மையிலேயே எழுத்தைக் கூட்டிப் படிக்கிறானா என்று பார்க்க அந்த ஏற்பாடு. அதே தாளை ஆங்கிலம் கேட்டே வளராத நம் பிள்ளையிடம் கொடுத்தால் 40 சொற்களில் பெரும்பாலானவை அவனுக்கு இட்டுக்கட்டிய சொற்கள்தான். எழுத்துக் கூட்டிப் படித்தபின் ‘ஓ, இதுவா’ என்று காது சொன்னால்தான் வாசிப்பு நடந்ததாக அர்த்தம். அங்குள்ள பிள்ளைக்குக் காது சொல்லிவிடும். நம் பிள்ளைக்கு அந்தச் சொல் காதில் விழுந்தே இருக்காது.

கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இல் இதை ஒரு பெருக்கலாக எழுதினார்கள். எழுத்துக் கூட்டும் திறனையும் மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவது வாசிப்பு. ஒன்று பூஜ்ஜியமானால் விடையும் பூஜ்ஜியம். வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளைப் பற்றி 2006இல் அமெரிக்காவில் வெளியான குழு அறிக்கையும் இதே திசையில்தான் பேசியது: ஃபோனிக்ஸ் இவர்களுக்கும் உதவுகிறது, ஆனால் வாய்மொழி ஆங்கிலம் கூடவே வளராவிட்டால் புரிதல் வளராது. நம் பள்ளிகளில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒரு பக்கத்தை மடமடவென்று படித்துவிட்டு, என்ன படித்தாய் என்றால் விழிப்பது இதனால்தான். ஆகவே பத்து நிமிடம் எழுத்துக்குக் கொடுத்தால், இன்னொரு பத்து நிமிடம் காதுக்குக் கொடுங்கள். படம் உள்ள எளிய ஆங்கிலக் கதையை நீங்கள் வாசித்து, நடுநடுவே தமிழில் பேசலாம். கதையை முதலில் தமிழில் சொல்லிவிட்டு அப்புறம் ஆங்கிலத்தில் வாசித்தாலும் சரிதான். தமிழ் கலந்தால் ஆங்கிலம் கெடும் என்று பள்ளி சொன்னால் கவலைப்படாதீர்கள். ஒரு மொழியில் ஒலிகளைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த பிள்ளைக்கு அந்தத் திறன் அடுத்த மொழியிலும் கைகொடுக்கிறது என்பது பல மொழிகளில் பார்க்கப்பட்ட உண்மை.

எழுத்தின் பெயரை முதலில் சொல்லித் தருவதா, ஒலியையா என்று சண்டையே நடக்கிறது. இதில் இரண்டு பக்கமும் வாதம் இருக்கிறது, எனக்கு ஒலி முதலில் என்பதில் சாய்வு, அவ்வளவுதான். படிக்கும் நேரத்தில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும். ‘சி ஏ டீ, கேட்’ என்று நாங்கள் படிக்கவில்லையா என்று தாத்தாக்கள் கேட்பார்கள். படித்தீர்கள், மறுக்கவில்லை. சி, ஏ, டீ என்று எத்தனை முறை சொன்னாலும் ‘சியேட்டீ’தான் வரும், அதிலிருந்து ஒலியை நீங்களே ஊகித்துப் பிடித்தீர்கள். பிடிக்க முடியாதவர்கள் பின் பெஞ்சுக்குப் போனார்கள், அவர்கள் இப்போது இந்த வாதத்துக்கு வருவதில்லை. ‘தி’, ‘வாஸ்’, சொன்னான் என்பதற்கான ‘செட்’, ‘ஒன்’ போன்ற ஒலிக்கு அடங்காத சொற்களை மட்டும் வாரத்துக்கு இரண்டு மூன்றாகப் பார்த்துப் பழக்கிக்கொள்ளலாம். அவற்றிலும் பாதி எழுத்துகள் ஒழுங்காகத்தான் ஒலிக்கும்.

அந்தத் தனி வகுப்பை நான் பார்த்ததில்லை, அதனால் மட்டம் என்று சொல்ல மாட்டேன். பள்ளி ஒரு வரிசையில் போகும்போது அவர்கள் இன்னொரு வரிசையில் போனால் பிள்ளை நடுவில் மாட்டிக்கொள்வான் என்பதுதான் என் தயக்கம். எப்படியும் சேர்ப்பதாக இருந்தால் போய் ஒரு வகுப்பு உட்கார்ந்து பாருங்கள். ஆசிரியர் புள்ளி வைத்துச் சொல்கிறாரா, பிள்ளைகள் சொற்களைப் படிக்கிறார்களா அல்லது ஒலிகளைப் பாட்டாகப் பாடிக்கொண்டே இருக்கிறார்களா என்று கவனியுங்கள். உங்கள் பையனுக்குப் பாட்டு ஏற்கெனவே தெரியும்.

கவலைப்பட வேண்டியது எப்போது என்றும் கேட்டிருந்தீர்கள். ஐந்து வயதில் சேர்த்துப் படிக்க வராதது தாமதமே இல்லை. பின்லாந்தில் பள்ளிப் படிப்பு தொடங்குவதே ஏழு வயதில். பி எழுத்தையும் டி எழுத்தையும் திருப்பி எழுதுவதும் ஏழு வயதுவரை சாதாரணம். ஆனால் அடிக்கடி சளி பிடித்து, காது வலி வந்து, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையாக இருந்தால் முதலில் ஒரு காது பரிசோதனை செய்துவிடுங்கள். கேட்காத ஒலியை யாராலும் சேர்க்க முடியாது. இரண்டாம் வகுப்பு முடியும்போதும் தமிழிலேயே எழுத்துக் கூட்டத் திணறினால், அதுவும் குடும்பத்தில் வேறு யாருக்காவது வாசிப்பில் சிரமம் இருந்திருந்தால், டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடா என்று நிபுணரிடம் காட்டுவது நல்லது. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இந்தத் துறையில் வெகுகாலமாக இயங்குகிறது, அங்கே விசாரிக்கலாம். அந்த மதிப்பீடு என் தொழில் இல்லை. ஒரு பதிலைப் படித்துவிட்டு நீங்களாகவும் பெயர் வைத்துவிட வேண்டாம். இப்போதைக்கு அவன் வகுப்பு ஆசிரியரிடம் இரண்டு விஷயம் மட்டும் கேட்டு வாருங்கள்: இந்த மாதம் எந்த எந்த ஒலிகள் முடிந்தன, தமிழில் எப்படிப் படிக்கிறான்.